மூலை பாத்தாச்சு

காது டாக்டரின் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, வீட்டில் வைத்த பெயர் பிரேக். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவன். அவனுக்கு ஒரு காது மந்தமானபோது வீடே கவலைப்பட்டது, அவன் மட்டும் சிரித்தான். "நல்லதுதான் அத்தான். கத்துக்க வர்றவங்க அலறுறது இனிமே பாதிதான் கேக்கும்" என்றான்.

டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நோயின் பெயர் யார் வாயிலும் நுழையாது. காதில் மட்டும் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். வெளியே இருக்க வேண்டிய தோல் காது ஜவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கேயே குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிடும். பார்க்க வெள்ளையாக, முத்து மாதிரி அழகாக இருக்கும். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பக்கத்து எலும்பையெல்லாம் அரித்துத் தின்னும். கவனிக்காமல் விட்டால் காது போகும், தலை சுற்றும், முகம் கோணும், அதற்கும் மேலே மூளைவரை போகும். மருந்து மாத்திரைக்கெல்லாம் மசியாது. வெட்டி எடுக்க வேண்டும், அதுவும் மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். ஒரு துணுக்கு விட்டாலும் அது மறுபடி தன் வேலையைத் தொடங்கிவிடும்.

மிச்சம் ஒளிந்துகொள்வதற்கென்றே நடுக்காதில் ஒரு மூலை இருக்கிறது. முகத்தை அசைக்கிற நரம்பு போகிற எலும்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பொந்து. மைக்ரோஸ்கோப்புக்கு நேராகத்தான் பார்க்கத் தெரியும், நேராகப் பார்க்கிற எதற்கும் அந்த மூலை தெரியாது. காதுக்குப் பின்னாலிருந்து எலும்பைக் குடைந்து போகலாமென்றால் அந்த நரம்பு வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதில் கை பட்டால் ஆளின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். இதற்காகத்தான் சாய்வு எண்டோஸ்கோப் என்று ஒன்று வந்தது. பேனா ரீஃபில் பருமனில் ஒரு குழாய். நுனியில் கண்ணாடி சாய்த்து வைத்திருக்கும். அதைக் காதுத் துவாரம் வழியாக விட்டுத் திருப்பினால், சுவரோரம் நின்று அடுத்த அறைக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி மூலைக்குள் எட்டிப் பார்க்கலாம்.

டாக்டரின் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பழக்கம் இருந்தது. எல்லாம் எடுத்து முடித்ததும் அவர் எண்டோஸ்கோப்பை விட்டு மூலையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "மூலை பாத்தாச்சு" என்று உரக்கச் சொல்வார். அதைக் கேட்டதும் மயக்க மருந்து டாக்டர் மருந்தைக் குறைக்க ஆரம்பிப்பார், நர்ஸ் தையல் நூலை எடுப்பாள். நல்ல பழக்கம்தான். ஆனால் நல்ல பழக்கத்துக்கும் வயதாகும். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அந்த இரண்டு சொல்லுக்கும் மூலையைப் பார்த்தாயிற்று என்ற அர்த்தம் தேய்ந்து, 'முடிஞ்சுது, எழுப்புங்க' என்ற அர்த்தம் ஏறிவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

மச்சானுக்கு ஆபரேஷன் நடந்த அன்று சாய்வு எண்டோஸ்கோப் முந்தின நோயாளிக்குப் பயன்பட்டு, கழுவிச் சுத்தம் செய்யப் போயிருந்தது. வந்து சேர நேரமாகும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவரை எல்லாம் பளிச்சென்று இருந்தது. "இன்னும் எவ்வளவு நேரம் சார்?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். டாக்டரின் வாய் தானாகச் சொன்னது: "மூலை பாத்தாச்சு."

சொன்ன பிறகுதான் பார்க்கவில்லை என்பது அவருக்கே உறைத்தது. உடனே திருத்தியிருக்கலாம். 'இருங்க, இன்னும் பாக்கல' என்றால் தீர்ந்தது. நாலு பேர் முன்னால் அந்தச் சொல் அவருக்குத் தொண்டையைத் தாண்டவில்லை. இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, மூலையில் மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு தைத்து முடித்தார். பெரிய கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவர்தான். மூலைக்குக் கைராசியெல்லாம் தெரியுமா என்ன?

ஒரு வருஷம் கழித்து வழக்கமான ஸ்கேன் எடுத்தார்கள். மூலையில் சரியாக ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது.

மறுபடி ஆபரேஷன் என்ற செய்தியை டாக்டர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் சொன்னார். மச்சானும் அவன் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்கு ஏழு வயது; எல்லோருக்கும் அவள் வாலு. அவள் அம்மாவுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வந்துபோவாள். அதனால் பள்ளிவிட்டால் வாலுவுக்கு அத்தை வீடுதான். அத்தைக்கும் அவள்மேல் உயிர். ஆனால் அத்தைக்குப் பாசம் வந்தாலும் கோபம் வந்தாலும் ஒரே குரல்தான்.

"காதுல தண்ணி படக் கூடாது, படக் கூடாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியாடா நீ?" என்று தம்பியைப் பிடித்தாள்.

"நான் எங்கக்கா குளிக்கறேன்? உனக்கே தெரியும்" என்றான் மச்சான். பிறகு சும்மா இருந்திருக்கலாம். பேச்சு சுவாரசியத்தில், "ஒரே ஒரு தடவை, நாலஞ்சு மாசம் முன்னாடி, இந்த வாலுதான் கார் கழுவற பைப்ப என் தலைல பிடிச்சுட்டா. காதெல்லாம் தண்ணி" என்றும் சொன்னான்.

எல்லோரும் வாலுவைப் பார்த்தார்கள். அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"பாத்தியா? விளையாட்டு, விளையாட்டு, எப்பப் பாரு விளையாட்டு. அப்பா காதையே கெடுத்து வச்சிருக்கியே!" என்றாள் அத்தை. டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அதனாலதானே?"

தண்ணீர் கூடாது என்பது முதல் சில வாரங்களுக்கு. ஜவ்வு ஆறின பிறகு ஆற்றிலேயே குதித்தாலும் உள்ளே ஒன்றும் ஆகாது. இது டாக்டருக்குத் தெரியும், அந்த மேஜையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். "தண்ணி போகாம இருந்தா நல்லதுதான்" என்றார். சொல்லிக்கொண்டே தலையையும் ஆட்டினார். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் வாழ்க்கையில் சொன்னதிலேயே மோசமான பொய் அதுதான்.

அன்று முதல் வாலுவின் வால் ஒட்ட நறுக்கினதுபோல் ஆகிவிட்டது. சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். பிள்ளை திருந்திவிட்டது என்று அத்தைக்குச் சந்தோஷம். டாக்டருக்கு மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் தான் தலையாட்டினது ஞாபகம் வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம், ஆபரேஷன் முடியட்டும் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். ஒருநாள் மாலை அவளை அழைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மச்சான் மைதானத்தின் நடுவில் யாருக்கோ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். டாக்டர் குடையை விரிப்பதற்குள் வாலு சேற்றில் விழுந்தடித்து ஓடினாள். அப்பாவின் இடுப்பில் தொற்றி ஏறி, இரண்டு உள்ளங்கையாலும் அந்தக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"விடுடி, ஒண்ணும் ஆகாது" என்றான் மச்சான்.

"ஆகும். மாமாவே சொன்னாங்க" என்றாள் வாலு.

அன்று டாக்டர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் கிளப்பாமலே இருந்தார். தன் முகத்திலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

இரண்டாவது ஆபரேஷனை வேறு நல்ல டாக்டரிடம் விடலாம் என்று மச்சானிடம் சொல்லிப் பார்த்தார். "தெரியாத கையில காதக் குடுப்பேனா? நீங்கதான் செய்யணும். உங்க மேல இருக்கற நம்பிக்கைலதான் தலையக் குடுக்கறேன்" என்றான் அவன். அந்த நம்பிக்கை டாக்டரை நெஞ்சில் குத்தியது. ஆபரேஷனன்று காலை, அவனைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துகொண்டு அவன் அறைக்குப் போனார்.

கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி இருந்தது. அவர் மந்தமான காதுப் பக்கம் போய் உட்கார்ந்தார். தற்செயலாக உட்கார்ந்ததாக அவரே பிற்பாடு நினைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. அந்தக் காதுக்கு எவ்வளவு சத்தம் கேட்கும், எதற்குக் கீழே கேட்காது என்று பரிசோதனை செய்து பார்த்தவரே அவர்தான். அதற்குச் சரியாக ஒரு பிடி குறைவாக, "போன தடவை நான் அந்த மூலையப் பாக்காமலே விட்டுட்டேன் மச்சான்" என்று சொன்னார்.

"ஆங்?" என்று தலையைத் திருப்பினான் மச்சான்.

"ஒண்ணுமில்ல. பயப்படாதேன்னு சொன்னேன்."

"எனக்கென்ன பயம்? பிரேக் உங்ககிட்ட இருக்குல்ல" என்று சிரித்தான் அவன்.

தியேட்டரில் இந்தத் தடவை சாய்வு எண்டோஸ்கோப் முதல் ஆளாக மேஜைக்கு வந்திருந்தது. டாக்டர் ஜவ்வை மெல்லத் தூக்கி மடித்து, குழாயை உள்ளே விட்டுத் திருப்பினார். திரையில் சுவர் நகர்ந்தது. அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒன்று நகர்ந்தது. அதற்குப் பின்னால் மூலை திறந்துகொண்டது. உள்ளே முத்து இருந்தது. வெள்ளையாக, உருண்டையாக, ஒரு வருஷமாக வேறெங்கும் போகாமல், அவர் பார்க்கத் தவறின அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. பைப் தண்ணீர் அந்தப் பக்கமே வந்ததில்லை. நல்லவேளை, நரம்பின் மேலிருந்த எலும்பு இன்னும் அரிக்கப்படவில்லை.

நுனி வளைந்த கருவியால் அதைச் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். உடைந்தால் மறுபடி துணுக்கு சிதறும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது நர்ஸுக்கே தெரிந்தது. முத்து உடையாமல் முழுதாக வெளியே வந்தது. பிறகு குழாயைத் திருப்பி மூலையைப் பார்த்தார். எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

"சார், மூலை பாத்தாச்சா?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார்.

"பாத்துட்டிருக்கேன்" என்றார் டாக்டர். அந்தத் தியேட்டரில் அப்படி ஒரு பதிலை அதுவரை யாரும் கேட்டதில்லை.

வெளியே காத்திருக்கும் அறையில் அத்தையும் வாலுவும் இருந்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்றதும் அத்தை கும்பிட்டாள். வாலு டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, தண்ணிய எடுத்துட்டீங்களா?"

டாக்டர் அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். "அங்க தண்ணியே இல்லடா கண்ணு."

"பின்ன?"

"போன தடவை நான் எடுக்காம விட்டது இருந்துச்சு. அதுதான் வளந்துடுச்சு. உன் பைப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தப்பு என்னோடது."

வாலு அவரை உற்றுப் பார்த்தாள். "அன்னிக்கு ஆமான்னு தலையாட்டினீங்களே?"

"ஆட்டினேன். அது பொய்."

"இல்ல. இப்பதான் பொய் சொல்றீங்க. நான் அழக் கூடாதுன்னு சொல்றீங்க" என்றாள். பெரியவர்கள் சமாதானத்துக்குச் சொல்வதையெல்லாம் எந்தக் கணக்கில் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போய்ப் பழையபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே வாலுவின் அம்மாவுக்குப் போன் போட்டாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இங்க பாரு, புள்ள வாடிப் போயிட்டான்னு உங்கண்ணன் பழிய எடுத்துத் தன் தலைல போட்டுக்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும், சொல்லு?" டாக்டர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதற்கு மாலை மரியாதை கிடைத்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டால் ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளைத் தவிர.

விடவில்லை, அந்தமட்டுக்கு அவரை மெச்சலாம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாலு பின்சீட்டில் தூங்கிப்போனதும் காரை ஓரமாக நிறுத்தி, மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். எண்டோஸ்கோப் கழுவப் போனது, வாய் தானாகச் சொன்னது, திருத்தாமல் தைத்தது. அவள் முகத்தில் இருந்த பெருமை வடிந்து போவதைப் பார்த்துக்கொண்டேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"சாப்பிடற இடத்துல நான் உங்கள நேராக் கேட்டேன். கேட்டேனா இல்லையா?"

"கேட்ட."

"நீங்க தைக்கறது காதைத்தானே? வாயையுமா தச்சுக்கிட்டீங்க? அந்தப் புள்ளைய நான் என்னென்ன சொல்லிட்டேன்!" அவள் பின்னால் திரும்பி, தூங்குகிறவளின் பாதத்தைத் தொட்டுக்கொண்டாள். "தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"காலைல சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"அவனுக்கு அந்தப் பக்கம் கேக்காது."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். இருபது வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் வாங்கியதில்லை. "நாளைக்குக் கேக்கற பக்கம் போய் உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை டாக்டர் நாற்காலியை நல்ல காதுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மச்சான் தலையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை குரல் தெளிவாகத்தான் வந்தது. ஆபரேஷனில் நடந்ததைச் சொன்னார், மேஜையில் தலையாட்டினதைச் சொன்னார், கேட்காத பக்கம் உட்கார்ந்து முணுமுணுத்ததையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, திட்டுக்காகக் காத்திருந்தார். மச்சான் ஏதாவது ஜோக் அடிப்பான் என்று ஒரு நப்பாசையும் உள்ளே இருந்தது, மறைப்பானேன்.

மச்சான் ஜோக் அடிக்கவில்லை.

"தொழில்ல தப்பு வர்றதுதான் அத்தான். நான் பக்கத்துலயே உக்காந்திருந்தும் எத்தனை வண்டி சுவத்துல மோதியிருக்கு. காது என்னோடது. போனா போகட்டும்னு விட்டுடலாம்" என்றான். பிறகு போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தான். "அன்னிக்கு உங்க வீட்ல சாப்ட்டுட்டு வீட்டுக்குப் போனோம்ல? மறுபடியும் தலைய வெட்டணுமேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பயம், எரிச்சல். அவ தண்ணி குடிக்கப் போய் டம்ளரத் தட்டிவிட்டா. தண்ணி தண்ணின்னு கத்திக்கிட்டே அவள அடிச்சுட்டேன் அத்தான். ஒரு அடி மட்டும் இல்ல."

டாக்டர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் நான் அவ மேல கை வச்சதே இல்ல" என்றான் மச்சான். "உங்ககிட்ட சொன்னாளா?"

"இல்ல."

"அக்காகிட்ட?"

"இல்ல."

"அவ அம்மாகிட்டயும் சொல்லல. நான் பயந்துக்கிட்டே இருந்தேன், போன்ல சொல்லிடுவாளோன்னு. சொல்லவே இல்ல. தான் செஞ்சதுக்கு அது சரிதான்னு நெனச்சுட்டா போல."

வாசலில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்குப் போகிற உடையில் வாலு உள்ளே வந்தாள். அப்பாவின் தலைக்கட்டைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றுகொண்டாள். மச்சான் அவளைப் பார்த்தான். டாக்டரைப் பார்க்கவில்லை.

"அத்தான், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றான்.

டாக்டர் எழுந்து வெளியே வந்தார். அந்த நடைபாதையில் வருஷக்கணக்காக வேகவேகமாக நடந்து பழகினவர், நின்றதில்லை. இப்போது சுவரோரம் நின்றார். அத்தையும் வெளியே வந்து, அவர் பக்கம் வராமல் எதிர்ச் சுவரோரமாக நின்றுகொண்டாள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கதவு மெல்லிசுக் கதவு, ஒன்றும் கேட்காமல் இருக்க வழியில்லை. உள்ளே மச்சான் உடைந்து அழுதான். அவன் அழுது அவர் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவனைத் தேற்றுகிற வாலுவின் குரலும் கேட்டது.

"அழாதப்பா. அன்னிக்கு எனக்கு வலிக்கவே இல்லப்பா."